இருபதாம் நாள் விளக்கு

பூலாங், விக்டோரியா
16 ஜனவரி 1998

நைரி,

இந்தத் தடவை கடிதம் மூன்று நாள் தாமதம். ஒன்பது வருடத்தில் இப்படி ஆனதில்லை. திட்டுவதற்கு முன்னால் முழுக்கப் படித்துவிடு.

முறைப்படி எழுதவேண்டியதை முதலில் எழுதிவிடுகிறேன். பதினொன்றாம் தேதி அந்தியில் விளக்கு ஏற்றினேன். என் நாள் முழுக்க ரேடியோ கிடையாது, தொலைபேசி கிடையாது. வாசற்படியில் முதல் பால், ஜன்னலில் ஒரு கிண்ணம் தண்ணீர், அடுப்பில் ரொட்டி. மறுநாள் அந்தியில் லாந்தரில் எண்ணெய் நிரப்பி, பின்பக்கக் கல்லில் வைத்து, "உன் நாள் இது, உன் நெருப்பு இது" என்று நம் நெருப்புத் தெய்வம் பிரிஜிட்டிடம் சொல்லிவிட்டு வந்தேன். உன் பட்டியலில் பத்தொன்பது பெண்களுக்கும் ஆளுக்கொரு நாள். இருபதாவது மட்டும் அவளுக்கு. பத்தொன்பதாவது நானும் முதலாவது நீயும் அவள் தலைக்கு மேலாகத்தான் கடிதம் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தெய்வத்துக்குத் தபால் போடத் தெரியாது என்பாயே, அதனால்.

பதிமூன்றாம் தேதி, அவளுடைய நாளில், இங்கே தீப்பிடித்துவிட்டது. நாற்பத்துமூன்று டிகிரி. வடக்கிலிருந்து அடித்த காற்றில் நான் வேலை பார்க்கும் பெட்ரோல் பங்க்கின் தகரப் பலகையே கழன்று விழுந்தது. மதியம் இரண்டு மணிக்கு எங்கள் ரோட்டுப் பக்கம் புகை தெரிந்தது. கின்செல்லா குடும்பத்தின் வீடு போய்விட்டது. சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவை மட்டும் எடுத்துக்கொண்டு லெனோர் கின்செல்லா ஓடி வந்திருக்கிறாள். மெர்வ் டொகர்ட்டியின் வைக்கோல் கொட்டகையும் நாற்பது ஆடுகளும் போயின. மனித உயிருக்குச் சேதமில்லை. என் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தீ தெற்கே ஓடிவிட்டது.

மெர்வ்தான் காரணம் என்கிறார்கள். என் வேலிக்கும் அவர் வேலிக்கும் பொதுவாக ஒரு கேட் இருக்கிறது இல்லையா, அன்றைக்கு அதன் இரும்புக் கீலைக் கிரைண்டர் மெஷின் வைத்து ராவிக்கொண்டிருந்திருக்கிறார். வெளியில் தீப்பொறி பறக்கிற எந்த வேலையும் செய்யக் கூடாதென்று தடை போட்ட நாள். இந்த ஊர்த் தீயணைப்புப் படைக்கு இருபது வருடம் தலைவராக இருந்த மனிதர் இப்படிச் செய்யலாமா என்று ஆளாளுக்குப் பேசுகிறார்கள்.

லாந்தர் பத்திரமாக இருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

அவளிடம் விட்டுவிட்டேன். நீ வாங்கிக்கொள்.

கோரல்


ஹொக்கிடிக்கா, நியூசிலாந்து
25 ஜனவரி 1998

அடி கோரல்,

உன் கடிதத்தைப் பார்த்ததும் முதலில் அழுதேன். பிறகு லெனோருக்கு இரண்டு கம்பளிப் போர்வை மூட்டை கட்டினேன். அந்த வெயிலில் கம்பளி எதற்கு என்று கேட்காதே, எங்கள் ஊரில் கிடைப்பது அதுதான். இங்கே பதினேழு நாளாக மழை. லாண்டரியில் துணி காயவில்லை என்று ஊரே என்னைத் திட்டுகிறது, நான்தான் மேகத்தை வாடகைக்கு எடுத்துவந்தேன் என்பது போல. பதிமூன்றாம் தேதி என் முறை. நாலு தீக்குச்சி நமுத்துப் போய் ஐந்தாவதுதான் பற்றியது. நீங்கள் அங்கே எரிந்துகொண்டிருந்த நேரத்தில் இங்கே ஒரு திரியைப் பற்றவைக்க நான் பட்ட பாட்டை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மெர்வுக்காக வருத்தப்படுகிறேன். ஆனால் ஒரு விஷயம் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. கேட்டுவிடுகிறேன்.

இருபதாம் நாள் அந்தி சாயும்வரை அந்த விளக்கில் யாரும் கை வைக்கக் கூடாது. தானாக அணைந்தபின் மறுநாள் காலையில் எடுத்துவைப்பாய். எடுத்துவைத்தேன் என்றுதான் ஒன்பது வருடமாக எழுதுகிறாய். கழுவினேன் என்று ஒரு தடவை கூட எழுதியதில்லை. அதுவும் அன்றைக்குச் சாயங்காலமே கழுவினாயா? ஊரே எரிகிறபோது விளக்குக் கழுவ உனக்கு எப்படி நேரம் வந்தது?

நான் மூக்கை நுழைக்கிறேன் என்றால் நுழைக்காதே என்று சொல். பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதே.

நைரி


பூலாங்
3 பிப்ரவரி

நைரி,

உன்னிடம் மறைக்க முடியாதென்று தெரிந்தும் எழுதினேன். நீ கேட்கவேண்டும் என்றுதான் அந்த வரியைப் போட்டேனோ என்னவோ.

லாந்தர் கவிழ்ந்து கிடந்தது. கண்ணாடி சுக்குநூறு. நான் வேலையிலிருந்து ஓடி வந்தபோது கல்லடியிலிருந்து மெர்வின் கேட் வரைக்கும் முப்பது அடிக்கு ஒரே கருகல். காற்று வடக்கிலிருந்து அடித்தது. கல் வடக்கே, கேட் தெற்கே. கேட்டில் பிடித்த தீ அந்தக் காற்றை எதிர்த்துக் கல்லுக்கு வந்திருக்க முடியாது. கல்லிலிருந்துதான் கேட்டுக்குப் போயிருக்கவேண்டும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மண்வெட்டியை எடுத்துக் கருகலைக் கிளறி மண்ணைப் புரட்டினேன். தொட்டியிலிருந்து குழாயை இழுத்து நனைத்தேன். விசாரணைக்கு வந்தவர்கள் அதைப் பார்த்து, தீ வந்துவிடுமோ என்று நான் தண்ணீர் தெளித்து வைத்ததாக நினைத்துக்கொண்டார்கள். "நல்ல வேலை செஞ்சீங்கம்மா" என்று ஒருவர் பாராட்டினார். நான் தலையாட்டினேன். என் தலைதான் ஆடியது, நைரி.

மெர்வ் தீயணைப்புப் படையின் சாவியையும் தலைக்கவசத்தையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். தன் கையால்தான் எரிந்தது என்று அவரே நம்புகிறார். பெட்ரோல் போட வந்தார். வரிசையில் நின்ற மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பத்திரிகை படிக்க ஆரம்பித்தார்கள். "டீ போடட்டுமா மெர்வ்?" என்றேன். "வேணாம் கோரல். நான் இங்க நின்னா உன் வியாபாரம் கெட்டுடும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார்.

முந்தாநாள் என் முறை முடிந்தது. விளக்கைச் சமையலறை அடுப்பின்மேல் வைத்துத்தான் ஏற்றினேன். அந்தியானதும் அவளிடம் ஒப்படைக்க வாய் வரவில்லை. ஊதி அணைத்துவிட்டேன். 

போலீஸில் போய்ச் சொல்லப்போகிறேன். சொன்னால் விளக்கு எதற்கு என்று கேட்பார்கள், பட்டியல் வரும், மற்றவர்கள் பெயரும் வரும். பட்டியலை வைத்திருப்பவள் நீ. அதனால் உன்னிடம் முதலில் கேட்கிறேன்.

கோரல்


ஹொக்கிடிக்கா
12 பிப்ரவரி

கோரல்,

போகாதே.

கோபப்படாமல் படி. ஏழாம் நாள் பெண்ணை உனக்குத் தெரியும். இரண்டு பிள்ளைகளுக்காகப் புருஷனோடு கோர்ட்டில் நிற்கிறாள். மார்ச் கடைசியில் தீர்ப்பு. அவள் மெழுகுவர்த்தி ஏற்றிக் கும்பிடுவதையே பைத்தியக்காரத்தனம் என்று அவன் வக்கீல் எழுதிவைத்திருக்கிறான். நம் ஆள் ஒருத்தி ஊரைக் கொளுத்தினாள் என்று பேப்பரில் வந்தால் அந்தப் பிள்ளைகள் கதி என்ன? பன்னிரண்டாம் நாள்காரி கன்னியாஸ்திரீகள் நடத்துகிற பள்ளியில் டீச்சர். அவள் வேலை? உன் ஒருத்தி மனசாட்சி குளிர்வதற்குப் பதினெட்டுப் பேர் எரியக் கூடாது.

இன்னொன்று. மெர்வ் கிரைண்டர் ஓட்டினாரா இல்லையா? தடை நாளில் ஓட்டியது தப்பா இல்லையா? எந்தப் பொறி எதைப் பற்றவைத்தது என்று சத்தியம் செய்ய யாரால் முடியும்?

கடைசியாக ஒன்று. நீ ஒப்படைத்துவிட்டாய். முறைப்படி, வார்த்தை பிசகாமல். அதன்பிறகு அது உன் நாளே இல்லை. கேள்வி கேட்பதானால் அவளைக் கேள். அவள் நெருப்பை அவள் பார்த்துக்கொள்ளவில்லை என்றால் அதற்கு நீ எப்படிப் பொறுப்பு?

மார்ச் முடியும்வரையாவது வாயைத் திறக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

நைரி


பூலாங்
22 பிப்ரவரி, ஞாயிறு

நைரி,

இன்றைக்கு இருபதாம் நாள். என் கல் காலியாக இருக்கிறது. ஆக, முழுதும் சொல்லிவிடுகிறேன். போன கடிதத்தில் பாதிதான் சொன்னேன்.

அன்றைக்குத் தடை இருப்பது எனக்குத் தெரியும்.

காலையில் பங்க்கில் கடை திறந்ததும் முதலாளியம்மா ரேடியோவைப் போட்டாள். பதினோரு மணிக்கு இன்னொரு தடவை சொன்னார்கள். அடுப்புக்கூட வெளியில் மூட்டக் கூடாது என்றார்கள். எனக்கு உடனே லாந்தர் ஞாபகம் வந்தது. வண்டிச் சாவியைக் கையில் எடுத்தேன். பன்னிரண்டு கிலோமீட்டர். போய் அணைத்துவிட்டு அரை மணியில் திரும்பியிருக்கலாம். முதலாளியம்மா ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள்.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்தேன்: இது அவள் நாள், மனிதக் கை தொடக் கூடாது. அப்படி நினைத்ததும் மனசு லேசாகிவிட்டது. பக்தியால் அல்ல, நைரி. வெயிலில் வண்டி ஓட்டச் சோம்பல். கடையில் மின்விசிறிக்கு அடியில் நின்றுகொண்டிருந்தேன். சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு சாண்ட்விச் கட்டப் போனேன்.

அவளைக் கேள் என்கிறாய். கேட்டேன். தினமும் காலையில் பால் ஊற்றும்போது கேட்கிறேன். அவள் பதினோரு மணிக்கே எனக்கு ஞாபகப்படுத்தினாள். அவளால் அதைத்தான் செய்ய முடியும். வண்டி ஓட்ட அவளுக்குக் கை இல்லை, எனக்கு இருந்தது. என் சோம்பலை அவள் தலையில் கட்டினேன், என் குற்றத்தை மெர்வ் தலையில் கட்டினேன். இனிமேல் யார் தலையிலும் எதையும் கட்டப்போவதில்லை.

போன வாரம் மெர்வின் வீட்டுக்குப் போனேன், எதையோ திருப்பிக் கொடுக்கிற சாக்கில். அவர் மனைவி டோரிஸ் கதவைப் பாதிதான் திறந்தாள். "அவரு சாப்பிடறதே இல்ல கோரல். கொட்டகை எரிஞ்ச எடத்துல போய் நிக்கிறாரு. கூப்பிட்டா வர்றதில்ல" என்றாள். அப்போதே சொல்லியிருக்கவேண்டும். உன் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. கோர்ட்டில் நிற்கிற அந்தப் பெண்ணின் பிள்ளைகளை நினைத்து வாயை மூடிக்கொண்டு வந்தேன். அவர்களை எனக்குத் தெரியாது. மெர்வைத் தெரியும்.

நாளை திங்கள். காலை ஒன்பது மணிக்குப் போலீஸ் ஸ்டேஷன் திறக்கும். என் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடு. நான் தனியாகக் கும்பிடுகிறவள் என்று சொல்வேன். யார் பெயரும் என் வாயிலிருந்து வராது. உன்னிடம் அனுமதி கேட்டு எழுதியது என் தப்பு. இது கேட்டுச் செய்கிற காரியமல்ல.

கோரல்


ஹொக்கிடிக்கா
3 மார்ச்

கோரல்,

அடித்துவிட்டேன்.

பத்தொன்பதாம் இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுக்கிற எண்ணமும் இப்போதைக்கு இல்லை. நீ செய்தது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. மார்ச் முடிய இன்னும் நாலு வாரம் இருந்தது, அதுமட்டும் தெரியும்.

கொஞ்ச காலம் எழுதவேண்டாம்.

நைரி


பூலாங்
23 ஏப்ரல்

நைரி,

எழுதவேண்டாம் என்றாய். ஏழு வாரம் எழுதவில்லை. இதைப் படிக்காமல் அடுப்பில் போட்டாலும் சரி, எனக்கு எழுதியாகவேண்டும்.

போனேன், சொன்னேன். மண்ணைப் புரட்டியதையும் கண்ணாடியைப் பொறுக்கியதையும் சேர்த்துச் சொன்னேன். சார்ஜென்ட் இரண்டு விரலால் டைப் அடிக்கிறவர்.

"வெளக்கு எதுக்கு வெச்சீங்க?"

"சாமிக்கு."

"பட்டப்பகல்ல, இந்த வெயில்லயா? எந்த சாமி?"

"பிரிஜிட்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அந்தம்மாவும் அன்னைக்கு அங்க இருந்தாங்களா? அவங்ககிட்டயும் ஒரு வாக்குமூலம் வாங்கணுமே."

"அவ இருந்தாளான்னுதான் நானும் ஒரு மாசமா கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றேன். அதையும் டைப் அடித்துவிட்டார்.

உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. என் பெயர் மட்டும்தான். மறுவாரம் என் தண்ணீர்த் தொட்டியில் யாரோ சிவப்புப் பெயிண்டில் சூனியக்காரி என்று எழுதிவைத்தார்கள். அழிக்கவில்லை. பெயிண்ட் தரமானது, அடுத்த கோடைக்குள் தானாக உரிந்துவிடாது. கடையில் முதலாளியம்மா வேலையை விட்டு நிறுத்தவில்லை, ஆனால் இரண்டு வாரம் கல்லாப் பக்கம் வரவேண்டாம், பின்னால் பாத்திரம் கழுவு என்றாள். கழுவினேன். கோர்ட்டில் நூற்றைம்பது மணி நேரம் ஊர் வேலை செய்யச் சொல்லித் தீர்ப்பு. நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான்.

லெனோர் கின்செல்லா வந்தாள். இப்போது ஒரு டிரெய்லர் வீட்டில் இருக்கிறார்கள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்து அடுப்பங்கரையிலேயே நின்றேன். அவள் உட்காரவில்லை.

"வீடு போகட்டும், இன்னொண்ணு கட்டிக்கலாம். அஞ்சு வாரம் நான் டோரிஸ்கிட்ட பேசல. சர்ச்சுல அவ பக்கத்துல உக்காரல. எம் பொண்ணு பொறந்தப்ப மொதல்ல தூக்குனது அவதான். அந்த அஞ்சு வாரத்த நீ எப்படித் திருப்பித் தருவ?"

"முடியாது" என்றேன்.  அவள் வாசல்வரை போய்த் திரும்பினாள். பிறகு, "ஞாயித்துக்கெழம வேலி போடறோம். கையுறை எடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனாள். எட்டு ஞாயிறாகப் போகிறேன். கம்பி இழுப்பதில் என் தோள்பட்டை இறங்கிவிட்டது. அவள் என்னோடு அதிகம் பேசுவதில்லை. டீ மட்டும் தருகிறாள்.

மெர்வ் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முட்டாள் நான். என் வாசலில் வந்து நின்று கத்தினார். "ஒன்றரை மாசம்டி! ஒன்றரை மாசம் ஒவ்வொரு ராத்திரியும் அந்த ஆடுங்க கத்தறத கேட்டேன். டீ போடட்டுமான்னு கேட்டியே, அப்ப உனக்குத் தெரியும்ல? தெரிஞ்சுக்கிட்டேதானே கேட்ட?"

"தெரியும்" என்றேன்.

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார், காலையில் நான் பால் ஊற்றின அதே இடத்தில். "நான் கிரைண்டர் போட்டதும் தப்புதான். ஏதோ அதிர்ஷ்டம், எம் பொறி பத்தல" என்றார். எழுந்து போகும்போது திரும்பி, "வியாழக்கெழம சாயங்காலம் படைக்குப் பயிற்சி. வா. நெருப்பக் கும்பிடறல்ல, அது என்ன செய்யும்னு கத்துக்க" என்றார். அது அழைப்பா உத்தரவா என்று தெரியவில்லை. போகிறேன். ஐம்பத்தெட்டு வயதில் குழாயைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடுகிறேன். கடைசியாகத்தான் வருகிறேன், ஆனால் வந்துசேர்கிறேன்.

தினமும் காலையில் பால் ஊற்றுகிறேன், ஜன்னலில் தண்ணீர் வைக்கிறேன், ரொட்டி மாவின் மேல் அவளுக்காகக் கோடு கிழிக்கிறேன். விளக்கு மட்டும் ஏற்றவில்லை. பிப்ரவரி ஒன்றோடு நின்றது. அது எனக்கு வலிக்கிறது, நைரி. வேறு எதைவிடவும் அதுதான் வலிக்கிறது. காது ஒருபக்கம் அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. ஆனால் என் இடத்தைக் கேட்டு வாங்க மாட்டேன்.

கோரல்


ஹொக்கிடிக்கா
3 ஜூன்

கோரல்,

நேற்று அந்தியில் ஏற்றினேன். லாண்டரியில் கடைசி மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் நின்று, யாரிடமிருந்து வாங்குகிறேன் என்று தெரியாமலே வாங்கினேன். மார்ச்சிலிருந்து இப்படித்தான். பதினெட்டாவது முடித்தபின் ஒரு நாள் வெறுமை, பிறகு அவள் நாள், பிறகு நான். உன் கடிதம் இல்லாமல் என் முறை தொடங்கவே மாட்டேன் என்கிறது.

உனக்கு நான் செய்த துரோகத்தைச் சொல்கிறேன். நிதானமாகப் படி.

இருபதாம் நாளில் மனிதக் கை தொடக் கூடாது என்ற விதி பழைய மரபில் இல்லை.

பத்தொன்பது பெண்கள் நெருப்பைக் காத்தார்கள், இருபதாம் நாள் அவளே காத்தாள் என்பது மட்டும்தான் பழைய கதை. கை படக் கூடாது என்ற வரியை நான்தான் சேர்த்தேன். 1989இல் என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பட்டியல் போட்டபோது, எழுதிப் பார்த்தேன், கம்பீரமாக இருந்தது. ஆயிரம் வருடத்துக் கட்டளை போல இருந்தது. நீங்களும் அப்படியே நம்பினீர்கள். அதற்குப் பிறகு அது நான் எழுதியது என்று சொல்லக் கூச்சமாகிவிட்டது.

உன் பிப்ரவரிக் கடிதத்தில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நீ அந்த வரியை நினைத்தாய் என்று படித்ததும் அந்தப் பழைய தாளைத் தேடி எடுத்தேன். நீ என் வாக்கியத்தை நினைத்துத்தான் சாவியை மாட்டியிருக்கிறாய். உன்னை வாயை மூடச் சொன்னது ஏழாம் நாள் பெண்ணுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் எனக்காகத்தான். விசாரணை என்று வந்தால் அந்தத் தாள் வெளியே வரும், அதில் என் கையெழுத்து இருக்கும்.

போன மாதம் எல்லாருக்கும் உண்மையை எழுதினேன், உன்னுடையதையும் என்னுடையதையும். இரண்டு பேர் விலகிவிட்டார்கள். டீச்சர் விலகவில்லை. ஏழாம் நாள் பெண்ணுக்கு ஏப்ரலில் தீர்ப்பு வந்து பிள்ளைகள் அவளோடுதான் இருக்கிறார்கள். அவள் என்ன எழுதினாள் தெரியுமா? "ஒரு மனுஷன்மேல் பழியைப் போட்டுவிட்டு என் பிள்ளைகளை நான் வாங்கியிருந்தால் நாளைக்கு அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது? யாரைக் கேட்டு என் பெயரைச் சொல்லி அவளைத் தடுத்தாய்?" நன்றாக வேண்டும் எனக்கு.

பத்தொன்பதாம் இடம் காலியாகத்தான் இருக்கிறது. அடுத்தடுத்து எண்ணிப் பார்த்தேன். ஜூலை முப்பது அந்தி உன் நாள் தொடங்கும். அவள் நாள் ஆகஸ்ட் ஒன்று அந்தியில் முடியும். நம் தெற்குப் பக்கத்தில் குளிர் முடியும்போது வருகிற அவளுடைய திருவிழா அது. ஒன்பது வருடத்தில் இரண்டும் இப்படிப் பொருந்தி வந்ததில்லை.

வா, கோரல். இருபதாம் நாளை என்ன செய்வதென்று நீயே சொல். நான் விதி எழுதியது போதும்.

நைரி


பூலாங்
2 ஆகஸ்ட்

நைரி,

தாமதமில்லாமல் எழுதுகிறேன்.

உன் ஜூன் கடிதத்துக்கு ஏன் பதில் போடவில்லை என்றால், கோபம். மூன்று நாள் உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டேன். பிறகு யோசித்தேன். நீ எழுதினாய் சரி. எனக்கு வசதியாக இருந்ததால்தானே நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அந்த வரி இல்லாவிட்டால் வேறொன்றைக் கண்டுபிடித்திருப்பேன். உன் பங்கை நீ வைத்துக்கொள், என் பங்கை எனக்கு விட்டுவிடு. அதோடு இதை முடித்துக்கொள்வோம்.

ஜூலை முப்பது அந்தியில் ஏற்றினேன். ஆறு மாதம் கழித்து. புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன். தீக்குச்சி உரசின சத்தத்திலேயே அழுகை வந்துவிட்டது. உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது.

மறுநாள் அந்தியில் லாந்தரைக் கல்லில் வைத்தேன். கல்லைச் சுற்றிப் பத்தடிக்குப் புல்லைச் செதுக்கிச் சரளை போட்டிருக்கிறேன். வேலிக் கம்பியில் பழைய வெள்ளைத் துணியைக் கட்டினேன், அவள் நடந்து போகும்போது தொட்டுவிட்டுப் போகட்டும் என்று. ராத்திரி முழுக்க ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் பனி உறைந்து தகடாகியிருந்தது. நாற்காலியைப் போட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். நீ லெனோருக்கு அனுப்பினாயே, அதில் ஒன்று. அவளே கொண்டுவந்து கொடுத்தாள். "இத அனுப்புன புண்ணியவதிக்கு எங்க ஊரு வெயிலப் பத்தி ஒண்ணுமே தெரியாதா?" என்று கேட்டாள். அவள் என்னிடம் சிரித்துப் பேசியது அன்றுதான்.

பத்து மணிக்கு மெர்வ் வந்தார். படைக்காரர்கள் அவரையே திரும்பவும் தலைவராக்கிவிட்டார்கள். முதுகில் தண்ணீர்த் தொட்டி, கையில் பம்பு.

"ஆகஸ்ட் மாசப் பனியில எது மெர்வ் பத்திக்கப் போகுது?" என்றேன்.

"ஒன்ன நம்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அரை நாள் உட்கார்ந்திருந்தார். என்ன கும்பிடுகிறேன் என்று கேட்கவில்லை. ரொட்டி சாப்பிட்டார். நடுவில் ஒருமுறை காற்று எழுந்து சுடர் சாய்ந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம். அது நிமிர்ந்தது. உட்கார்ந்துகொண்டோம். அதற்குப் பிறகு அவர் பம்பைக் கீழே வைக்கவில்லை. 

இருபதாம் நாளை என்ன செய்வதென்று கேட்டாய். பட்டியலில் அவள் பெயர் அப்படியே இருக்கட்டும். அது அவள் நாள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நேற்றுப் பகல் முழுக்க அவள் அங்கேதான் இருந்தாள். ஆனால் பத்தொன்பதாவது ஆள் இனி எழுந்து போக மாட்டாள். நாற்காலி போட்டு உட்காருவாள். ஒப்படைக்கும்போது நான் சொன்னதை எழுதுகிறேன், பிடித்திருந்தால் மற்றவர்களுக்கும் அனுப்பு:

"உன் நாள் இது. என் விளக்கு இது."

நேற்று அந்தியில் என் கையாலேயே அணைத்தேன். 

பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன், நைரி. நீ வாங்கிக்கொள். ஏற்றுவதற்கு முன்னால் வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

கோரல்